நூறு சிசி பீங்கான்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. இன்ஜினும் பெட்ரோல் டேங்கும் இல்லாத ஒரு டர்ட் பைக் எலும்புக்கூடு என் கைக்கு வந்தது.
2. அப்பாவின் பழைய நூறு சிசி பைக்கின் இன்ஜினை மூன்று நாள் மட்டும் எடுத்து அதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது என்று நானும் என் தோழியும் முடிவு செய்தோம்.
3. அளவு பார்ப்பதற்காக அதே இன்ஜினை நான் களிமண்ணில் செய்து சூளையில் சுட்டேன்.
4. அப்பா ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் போனார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.
5. அவர் வண்டியின் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு, பள்ளம் தெரியாமலிருக்க, சுட்ட இன்ஜினுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து அங்கே மாட்டிவைத்தோம்.
6. அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார்.

என் நோட்டில் முதல் ஐந்துதான் இருந்தன. ஆறாவது தானாக வந்தது.

நான் செராமிக் டிப்ளமோ படித்தவள். விருத்தாசலத்தில் அது பெரிய விஷயமில்லை, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்யும் ஒரு யூனிட்டில் மண் கலவையும் அச்சும் என் பொறுப்பு. அப்பா வேறொரு யூனிட்டில் முப்பது வருஷம் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சூளையிலிருந்து வரும் சரக்கை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. கணீரென்றால் நல்ல சரக்கு. டொக்கென்றால் உள்ளே விரிசல், உடைசல் மேட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை போனாலும் விரல் நிற்கவில்லை. வீட்டில் எதை வாங்கிவந்தாலும் தட்டுவார். தர்பூசணியைத் தட்டுவார், அதில் தப்பில்லை. பிரஷர் குக்கரைத் தட்டுவார், ஹெல்மெட்டைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக்கூட அவர்கள் முன்னாலேயே தட்டிப் பார்த்தார். அந்த இடம் அமையவில்லை. அதற்குத் தட்டு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

தோழி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் வீட்டுக்காரரும் அவளும் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார்கள். கேட், கிரில் வேலைகள் அவருக்கு. நுணுக்கமான வெல்டிங் எல்லாம் இவளுக்கு. பழைய இரும்போடு இரும்பாக அந்த டர்ட் பைக் சட்டம் வந்தபோது, வெட்டாமல் ஓரமாக வைத்துவிட்டு எனக்கு போன் செய்தவள் அவள்தான்.

"வந்து பாருடி. ஆடு மாதிரி இருக்குது. ஒசரமா, ஒல்லியா."

பார்த்தேன். உண்மையிலேயே ஆடு மாதிரிதான் இருந்தது. நீளமான முன்கால்கள், பின்னால் ஒற்றை ஸ்பிரிங், வயிற்றில் ஒன்றுமில்லை. எனக்குப் பதினாலு வயதிலிருந்து இப்படி ஒன்றில் ஏறி மண்ணில் போக வேண்டும் என்று ஆசை. வீட்டில் சொன்னதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அப்போதே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டேன்.

வயிற்றில் எதை வைப்பது என்பதில் சந்தேகமே வரவில்லை. அப்பாவின் வண்டி வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்றது. வெளியே போவதற்கு அவர் இப்போது என் ஸ்கூட்டரைத்தான் எடுக்கிறார். பழைய வண்டியைத் தினமும் துடைப்பார், வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பார். அவ்வளவுதான் அதற்கு வேலை. மூன்று நாள் இன்ஜின் இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்குத் தோன்றியது.

"கேட்டுட்டு எடுத்தா என்னாடி?" என்றாள் தோழி.

"கேட்டா குடுக்க மாட்டாரு."

"அப்ப கேக்காத."

இப்படித்தான் அந்தக் கேள்வி தீர்ந்தது.

இரண்டு பேருமே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தோம். இன்ஜின் மாற்றிய வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. அவள் மாமனாருக்குக் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் முந்திரித் தோப்பு இருக்கிறது. வண்டியை மினி வேனில் ஏற்றிப் போய் அங்கே இறக்கி, அங்கேயே ஓட்டி, திரும்ப ஏற்றிக் கொண்டுவருவது என்று முடிவு. அதையும் எழுதிக்கொண்டேன்.

இன்ஜினை உட்காரவைக்க சட்டத்தில் மூன்று காதுகளை, அதாவது ஓட்டை போட்ட இரும்புத் துண்டுகளை, வெல்டிங் செய்ய வேண்டும். அந்தக் காதுகளில் இன்ஜினின் மூன்று ஓட்டைகளும் சரியாக வந்து பொருந்த வேண்டும். உண்மையான இன்ஜினை வைத்து அளவு பார்த்தால் அதற்கே ஒரு நாள் போய்விடும். முன்கூட்டியே ஒரு மாதிரி இன்ஜின் இருந்தால் காதுகளை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளலாம். அட்டையில் செய்யலாம், மரத்தில் செய்யலாம். வேறு ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். எனக்கு மண்தான் கைக்கு வரும்.

அப்பா குளிக்கும் நேரமாகப் பார்த்து நாலு நாள் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். யூனிட்டில் மீந்துபோகும் மண்ணில், மதியச் சாப்பாட்டு வேளைகளில், கட்டினேன். கீழே பெட்டி, மேலே சிலிண்டர், அதைச் சுற்றித் தகடு தகடாகக் காற்றுக்கான மடிப்புகள். அந்த மடிப்புகள் வாடுவதற்குள் வளைந்துவிடாமல் இருக்க இடையிடையே காகிதம் சொருகிவைத்தேன். மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். எங்கள் கலவைக்கு எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பன்னிரண்டு. அதனால் பன்னிரண்டு சுருங்கியபின் சரியாக வரும்படி பெரிதாகவே செய்தேன். இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. யோசித்துச் செய்வதில்லை, அதனால் யாருக்கும் சொல்வதும் இல்லை.

தோழிக்கும் சொல்லவில்லை.

ரேக்கில் அது இன்னும் சுடாத ஈரப் பச்சையாக இருந்தபோது தோழி ஒருநாள் யூனிட்டுக்கு வந்தாள். "அய்யோ, அச்சு அசலா இருக்குதுடி" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் தேநீர் வாங்கிவரப் போயிருந்தேன். அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு அட்டையை வைத்து மூன்று ஓட்டைகளையும் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அவளுக்கு அவசரம். அன்று சாயங்காலமே பட்டறையில் மூன்று காதுகளையும் வெல்டிங் செய்து, தேய்த்து, பெயிண்டும் அடித்துவிட்டாள்.

அடுத்தது டேங்க். அப்பா வண்டியின் டேங்கை அந்த ஆட்டின் மேல் வைத்தால் ஹேண்டில் இரண்டு பக்கமும் திரும்பாது. நேராக மட்டும் போகலாம். தோழி வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடிக்கும் பழைய முதுகு டேங்க் ஒன்றைக் கொண்டுவந்து, "இத மாட்டிக்கிங்க, முதுவுல தொங்கவுட்டுக்கிட்டே ஓட்டலாம்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நன்றி சொல்லி ஓரமாக வைத்தோம்.

கடைசியில் நல்லூரில் பழைய இரும்புக்காரரிடம் ஒரு மொபெட் டேங்க் கிடைத்தது. சின்னது, வட்டமானது, சட்டத்தின் முதுகெலும்பில் தொப்பி மாதிரி உட்கார்ந்தது. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் என்றால் தண்ணீரில் முக்கிக் காற்று அடிப்பார்கள். நான் யூனிட்டில் விரிசல் பார்க்கும் சிவப்பு மையை எடுத்துப் போனேன். மையைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினேன், தோழி இரண்டு கையாலும் டேங்கை ஏந்திக்கொண்டாள். ஓட்டை எங்கே என்று சீக்கிரமே தெரிந்தது. ஒன்றில்லை, ஏழு. எல்லாவற்றையும் பித்தளை வைத்து அடைத்தாள். ஆனால் அவள் கைகள் இரண்டும் முழங்கை வரை சிவந்துவிட்டன. அந்த மை சோப்புக்குப் போகாது. பத்து நாள் அவள் மாமியார் தெருவில் எல்லோரிடமும், "எங்கூட்டு மருமவ யாரு கல்யாணத்துக்குப் போச்சுன்னே தெரியல, மருதாணி வச்சிக்கினு வந்து நிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார். அம்மா முழங்கால் வலியென்று வீட்டில் இருந்துவிட்டாள். அவள் மதியம் படுத்திருந்தபோது சந்தில் சத்தமில்லாமல் இன்ஜினைக் கழற்றினோம். சுட்ட இன்ஜின் அளவில் கச்சிதமாக வந்திருந்தது. பள்ளத்தில் மாட்டியபோது ஓட்டைக்கு ஓட்டை, மயிரிழை பிசகில்லை. வெள்ளி பெயிண்ட் காய்ந்ததும், மடிப்புகளுக்கு நடுவே கொஞ்சம் கரி தடவினேன். எட்டி நின்று பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது. கர்வமும் வந்தது, மறைப்பானேன்.

உண்மையான இன்ஜினை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் வைத்து, சாக்கால் மூடி, கால்களை அகட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தோழி தூக்கி அந்தச் சிவப்புக் கைகளால் காதுகளுக்கு நடுவே வைத்தாள். இன்ஜின் அங்கே உட்காரவில்லை. உள்ளே விழுந்தது. ஒரு பக்கம் போல்ட்டு போட்டால் மறுபக்கம் இரண்டு விரல் போகும் அளவுக்கு இடைவெளி.

"இன்னாடி இது? வர்ற வழியில இளைச்சிடுச்சா?"

நான் காதுகளை அளந்தேன். இன்ஜினை அளந்தேன். வகுத்துப் பார்த்தேன். நூற்றுக்குப் பன்னிரண்டு.

"நீ எப்ப அளவு எடுத்த?"

"அன்னிக்கு யூனிட்டுல. நீ டீ வாங்கப் போனப்ப."

"அது பச்சைடி. சுட்டா சின்னதாவும்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நானும் பத்து வருஷமா நெருப்புலதான் வேலை செய்யறேன். இரும்ப சுட்டா பெருசாவும். உங்க மண்ணு மட்டும் சுட்டா சின்னதாவுமா? இத ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? அதான் எதுக்கெடுத்தாலும் நோட்டு வச்சி எழுதிறியே!"

நோட்டைப் புரட்டினேன். 'டேங்க் மூடியில் துரு, துடைக்க' என்பதுவரை இருந்தது. சுருக்கம் இல்லை.

காதுகளை அறுத்து, புதிதாக வெட்டி, திரும்ப வைக்க சனிக்கிழமை முழுவதும் ஆகும். பரவாயில்லை, ஞாயிறு காலை ஓட்டிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் இன்ஜினைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "திங்கக்கிழம உங்கப்பா வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல காட்டணுமாம். பஞ்சு வாங்கி வைக்கச் சொன்னாரு, தொடைக்கறதுக்கு."

"எந்த வண்டி?"

"அவுரு வண்டிதான். பதினஞ்சு வருஷம் முடியுதாம். ஆர்சிய புதுப்பிக்கணும். இன்ஜினு நம்பரெல்லாம் பென்சிலு வச்சித் தேய்ச்சிப் பாப்பாங்களாம். ரெண்டு மாசமா அதே நெனப்புதான் அவுருக்கு. தூக்கத்துலகூட ஆர்சி ஆர்சின்னு சொல்றாரு."

 சுட்ட இன்ஜினில் நம்பர் இல்லை. அதன் அடியில் பழக்கதோஷத்தில் நான் பொறித்த கலவை எண் மட்டும் இருந்தது. திங்கட்கிழமை அந்த ஆபீஸில் இன்ஜினோடு வண்டியைக் காட்டாவிட்டால், தேதி தாண்டி, அப்பாவின் வண்டி காகிதத்தில் பழைய இரும்பாகிவிடும்.

அப்போதே பட்டறைக்குப் போய் இன்ஜினை எடுத்துவந்திருக்க வேண்டும். ஒழுங்கான மனுஷி அதைத்தான் செய்திருப்பாள். நான் தோழிக்கு போன் செய்தேன். அவள், "காது மூணும் வச்சாச்சு. கம்முனு உக்காந்துகிச்சு. காலையில பத்து நிமிஷம் ஓட்டிட்டு கழட்டிடலாம்" என்றாள். பத்து நிமிஷம்தானே என்று தோன்றியது. அந்த ஒரு நினைப்பை நோட்டில் எங்கேயும் எழுதவில்லை.

ஞாயிறு காலை தோப்பில் இறக்கினோம். பெட்ரோல் ஊற்றினோம், கசியவில்லை. உதைத்தேன். எட்டாவது உதையில் பிடித்தது. செயின் சத்தம், மொபெட் டேங்கின் மூடி கிலுகிலுவென்று ஆடும் சத்தம், பின்னால் தோழி கத்தும் சத்தம். முந்திரி மரங்கள் தாழ்வாக இருக்கும், குனிந்துகொண்டே போக வேண்டும். செம்மண் மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியபோது இரண்டு சக்கரமும் தரையில் இல்லை என்று நான் நினைத்தேன். தோழி பின்சக்கரம் தரையில்தான் இருந்தது என்கிறாள். அவள் சொல்வதை நான் ஏற்கவில்லை. நாற்பது செகண்ட் ஓடியது. பிறகு இரண்டு முறை முனகிவிட்டு நின்றது. டேங்கிலிருந்து வந்த துருவும், மிச்சமிருந்த சிவப்பு மையும் கார்புரேட்டரை அடைத்துவிட்டன.

துடைத்துக்கொண்டிருக்கும்போது அம்மாவின் போன்.

"பாப்பா, உங்கப்பா வந்துட்டாரு. கல்யாணத்துல சாம்பார் சரியில்லையாம், பந்தியிலிருந்து எழுந்து நேரா பஸ் ஏறிட்டாரு. வண்டியத் தொடைச்சிக்கிட்டு இருக்கிறாரு. நீ எங்க இருக்கிற?"

இன்ஜினை அவ்வளவு வேகமாக யாரும் கழற்றியிருக்க முடியாது. ஒரு போல்ட்டு மண்ணில் விழுந்து காணாமல் போனது, தேடவில்லை. மினி வேனில் தோழி இன்ஜினை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க நான் என்ன சொல்வது என்று பட்டியல் போட்டேன். ஒன்று, உண்மை. இரண்டாவது எதுவும் வரவில்லை.

தோழியை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் முதலில் சந்துக்குள் போனேன். அப்பா கல்யாண வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் மண்ணெண்ணெய் நனைத்த பஞ்சு. பஞ்சு முழுக்க வெள்ளி. சிலிண்டரின் ஒரு பக்கம் பால் மாதிரி வெளுத்திருந்தது. அவர் திரும்பவில்லை. விரலை மடக்கி, மெதுவாகத் தட்டினார்.

கணீர்.

இன்னொரு இடத்தில் தட்டினார். கணீர்.

"விரிசல் இல்ல," என்றார்.

நான் இன்னும் ஓரடி கிட்டே போனேன்.

"மடிப்பு எப்பிடி வளையாம வந்துச்சு?"

"பேப்பரு சொருகி வச்சேன்ப்பா."

"எத்தனை டிகிரில சுட்டீங்க?"

சொன்னேன். தலையாட்டினார். மூன்றாவது மடிப்பை நகத்தால் சுரண்டினார். "இங்க ஒரு ஊசி ஓட்டை இருக்குது பாரு. மண்ணுல காத்து. ஃபர்ஸ்ட்டுல போவாது, ரெண்டாந்தரந்தான். செகண்ட்ஸ்."

"செரிங்கப்பா."

"முப்பது வருஷம் சூளைச் சரக்கத் தட்டுனவன் நான். எனக்கே இன்ஜினு செய்யணும்னு தோணல." பஞ்சைக் கீழே வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். என் முகம் முழுக்கச் செம்மண். "ஏம்மா. என் இன்ஜினு எங்க?"

"வேன்ல. மடியில வச்சிருக்கா."

"ஓடிச்சா?"

"நாப்பது செகண்டு."

"நாளைக்கு ஆபீஸு. தெரியுமா?"

"அம்மா சொன்னாங்க. நேத்து."

"நேத்தே தெரிஞ்சும் இன்னைக்கு ஓட்டியிருக்கற."

 தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா கோபத்தில் கத்தமாட்டார், சரக்கை ஓரமாகத் தள்ளி வைப்பார். அன்று நான்தான் சரக்கு. எந்தப் பக்கம் தள்ளுவார் என்று காத்திருந்தேன்.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேன்," என்றார். "அது நெசம்தான்." எழுந்து வேட்டியைத் தட்டினார். "எடுத்துட்டு வா."

தோழி இன்ஜினைச் சுமந்துகொண்டு சந்துக்குள் வந்தாள். அப்பா முதலில் பார்த்தது இன்ஜினை இல்லை, அவள் கைகளை.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"உங்க பொண்ணு வச்சிவுட்டதுங்கப்பா. உள்ளங்கை ரேகையே போயிடுச்சு."

இருட்டுவதற்குள் மூன்று பேரும் சேர்ந்து மாட்டினோம். காணாமல் போன போல்ட்டுக்காக அப்பா ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தார். உள்ளே அந்த வண்டிக்கு மட்டுமான போல்ட்டுகள், எண்ணெயில் ஊறிக்கிடந்தன. கார்புரேட்டரை அவரே பிரித்துக் கழுவினார். உள்ளேயிருந்து சிவப்பாக வடிந்ததைப் பார்த்து, "வெத்தல பாக்கு போட்டுக்கிச்சா?" என்றார். அம்மா மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்து, கீழே கிடந்த பீங்கான் இன்ஜினின் மேல் தட்டை வைத்தாள். கடைசி போல்ட்டை முறுக்கியதும் அப்பா உதைத்தார். முதல் உதையில் பிடித்தது. எனக்கு எட்டு உதை ஆனது என்று நான் சொல்லவில்லை. தோழி சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை லீவு போட்டு நானும் அவரோடு போனேன். அதிகாரி குனிந்து எண்ணைப் பார்த்தார், காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். "இன்ஜினை இப்பத்தான் எறக்கி ஏத்துன மாதிரி இருக்குதே?" என்றார். "பொண்ணு செராமிக்குங்க. கொஞ்சம் சுத்தம் பார்க்கும்," என்றார் அப்பா. அதிகாரிக்கு அது விளக்கமாகப் பட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். காகிதம் கைக்கு வந்ததும் அப்பா அதை வண்டி சீட்டின் மேல் விரித்து, பழக்கத்தில் விரல் கணுவால் ஒருமுறை தட்டினார்.

இப்போதைய நிலவரம்: அப்பாவின் வண்டிக்கு ஆர்சி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. சந்தின் கேட்டில் இப்போது பூட்டு இருக்கிறது, சாவி அவர் இடுப்பில். டர்ட் பைக் தோழியின் பட்டறை வாசலில் நிற்கிறது. அதில் சரியான அளவில் மூன்று காதுகளும், கசியாத மொபெட் டேங்கும், அப்பா செகண்ட்ஸ் என்று பிரித்த பீங்கான் இன்ஜினும் இருக்கின்றன. வண்டி ஓடாது. வேறு இன்ஜின் தேடிக்கொண்டிருக்கிறோம்.